எத்தனை யூனிட், எத்தனை மூட்டை, எத்தனை லோடு? கான்கிரீட் அளவுக்குச் சொல்லப்பட்ட விடைகள்

மேட்டுப்பாளையம் என்றதும் நீலகிரி மலை ரயில் புறப்படும் ஊர் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பேசப்படுவது புதுச்சேரி மேட்டுப்பாளையம்: நகரின் வடமேற்கில் பிப்டிக் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கும் பகுதி. தொழிற்பேட்டையில் கட்டப்படுவது பெரும்பாலும் வீடு அல்ல, ஷெட். இரும்புச் சட்டம், தகரக் கூரை, கீழே கனமான கான்கிரீட் தரை. அப்படி ஒரு ஷெட்டுக்கு எவ்வளவு கான்கிரீட் வேண்டும் என்ற கேள்விக்கு மேஸ்திரி, பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர், ரெடிமிக்ஸ் ஆலைக்காரர் ஆகிய மூவரும் மூன்று எண்களைச் சொல்வார்கள். மூன்றும் பொருந்தாமல் போவது வழக்கம். யாரோ ஒருவர் தவறாகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று கட்டடக்காரர் முடிவு செய்வதும் வழக்கம்.

கேள்வியே மூன்றாக இருப்பதுதான் இதற்குப் பெரும்பகுதிக் காரணம் என்று தோன்றுகிறது. வரைபடத்தில் உள்ள கான்கிரீட்டின் கன அளவு ஒன்று. அதைச் செய்ய வாங்க வேண்டிய சிமென்ட், மணல், ஜல்லி இன்னொன்று. உண்மையில் தரைக்குள்ளும் பலகைக்குள்ளும் போய்ச் சேரும் அளவு மூன்றாவது. நூறாண்டுக்கு மேலாகப் பல மரபுகள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு நல்ல விடை கண்டிருக்கின்றன. பிறகு அந்த விடையையே மற்ற இரண்டுக்கும் நீட்டியிருக்கின்றன.

சதுர அடிக் கணக்கு

மிகப் பரவலான விடை இதுதான். வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட் என்பது தமிழகத்திலும் புதுச்சேரியிலும் மேஸ்திரிகள் வாயில் வழங்கும் கணக்கு. 1,000 சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை. மாடி, அறை அமைப்பு, சுவர்க் கனம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் ஊரில் இந்த எண் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக வரும். ஒரே மாதிரி வீடுகளைப் பல ஆண்டு கட்டியவரின் நினைவுதான் அந்த எண். அதை அறிவியல் அற்றது என்று ஒதுக்குவது அவசரம்.

ஆனால் அந்த 400 மூட்டைக்குள் செங்கல் கட்டு இருக்கிறது, பூச்சு இருக்கிறது, தரை போடுவதும் இருக்கிறது. கான்கிரீட் மட்டும் தனியாக இல்லை. அதே 1,000 சதுர அடிக்கு 5 இன்ச் கனத்தில் ஒட்டு (கூரைத் தளம்) போட்டால் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். 1:1½:3 கலவைக்குப் பொதுப்பணித் துறை வழக்கப்படி ஏறக்குறைய 95 மூட்டை. மீதி மூட்டைகள் பீம், பில்லர், பூட்டிங், சுவர், பூச்சு என்று பிரிகின்றன. எந்த விகிதத்தில் என்று சதுர அடிக் கணக்கு சொல்லாது.

ஷெட்டுக்கு வந்தால் இந்தக் கணக்கு வெளிப்படையாகவே உடைகிறது. 30 மீட்டருக்கு 20 மீட்டர் ஷெட் என்று வைத்துக்கொள்வோம்: 600 சதுர மீட்டர், சுமார் 6,458 சதுர அடி. 0.4 மூட்டை வீதம் 2,580 மூட்டைக்கு மேல் வருகிறது. அங்கே ஒட்டு இல்லை, உள் சுவர்கள் இல்லை. 150 மில்லிமீட்டர் தரை 90 கன மீட்டர். கன மீட்டருக்கு 340 கிலோ சிமென்ட் என்றால் 612 மூட்டை. பெடஸ்டல்களும் இயந்திர அடித்தளமும் சுற்றுச் சுவரும் சேர்ந்தாலும் முதல் எண்ணை எட்டுவது கடினம்.

எதிர்த்திசையிலும் இது தவறும். அதே புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி இருக்கிறது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகஷிமாவும் ஃபிரான்டிஷெக் ஸாமரும் உடனிருந்து, 1937 முதல் எழுந்த கட்டடம் அது. இந்தியாவின் தொடக்ககால நவீன வலுவூட்டிய கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. தளத்துக்கு மேல் காற்றுக்கு இடம்விட்டு, முன்கூட்டியே வார்த்த வளைவான கான்கிரீட் ஓடுகள் இன்னொரு கூரையாக நிற்கின்றன. நீண்ட பக்கங்களில் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் அஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பட்டைகள். சுவரையும் ஒற்றைக் கூரையையும் அடிப்படையாகக் கொண்ட எந்தச் சதுர அடி எண்ணும் இக்கட்டடத்துக்குப் பொருந்தாது. சதுர அடிக் கணக்குக்குப் பழகிய வடிவம் வேண்டும். வடிவம் மாறிய இடத்தில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

1.54 எங்கிருந்து வந்தது

இரண்டாவது மரபு பாடப்புத்தகத்தின் மரபு. பாலிடெக்னிக்கில் சிவில் படித்த எவருக்கும் இந்த எண் மனப்பாடம்: கலந்து இறுகிய 1 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 1.52 முதல் 1.54 கன மீட்டர் வரை உலர் பொருள் வேண்டும். ஜல்லிக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் மணலும், மணலுக்கு இடையே சிமென்டும் புகுந்துகொள்வதால் மொத்தம் சுருங்குகிறது என்பது விளக்கம். 1:2:4 கலவைக்கு 1.54-ஐ 7-ஆல் வகுத்தால் 0.22 கன மீட்டர் சிமென்ட்; கன மீட்டருக்கு 1,440 கிலோ வீதம் சுமார் 317 கிலோ, 6.34 மூட்டை. மணல் 0.44, ஜல்லி 0.88 கன மீட்டர். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்விலும் 1:2:4-க்கு 0.32 டன் சிமென்ட் என்ற இதே அளவுதான் காணப்படுகிறது.

இந்த எண்ணுக்குப் பழைய உறவினர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். டெய்லரும் தாம்சனும் 1905-இல் வெளியிட்ட கான்கிரீட் நூலின் வழியாகப் பரவிய ஃபுல்லர் விதி அது. ஒரு கன கஜம் கான்கிரீட்டுக்கு வேண்டிய சிமென்ட் பீப்பாய்கள் எத்தனை என்று அறிய, 11-ஐக் கலவைப் பகுதிகளின் கூட்டுத்தொகையால் வகுக்கச் சொன்னார் வில்லியம் ஃபுல்லர். 1:2:4 என்றால் 11-ஐ 7-ஆல் வகுக்க, 1.57 பீப்பாய். ஒரு பீப்பாயின் கொள்ளளவை அந்த விதி 3.8 கன அடியாக எடுத்துக்கொள்கிறது. 11 பீப்பாய் 41.8 கன அடி. ஒரு கன கஜம் 27 கன அடி. வகுத்துப் பார்த்தால் 1.548.

நம் 1.54 நேரே ஃபுல்லரிடமிருந்து வந்தது என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஒரே வகைப் பொருளை ஒரே வகையில் அளந்தால் ஒரே எண் இரண்டு இடங்களில் தனித்தனியாகவும் தோன்றலாம். ஆனால் கன அளவு ஒத்துப்போகும் இந்த இரண்டு விதிகளும் எடையில் ஒத்துப்போகவில்லை. 376 பவுண்டு பீப்பாயைக் கொண்டு கணக்கிட்டால் ஃபுல்லர் கன மீட்டருக்கு ஏறக்குறைய 350 கிலோ கேட்கிறார். நம் பாடப்புத்தகம் 317 கிலோவோடு நிற்கிறது. அமெரிக்கப் பீப்பாயில் சிமென்ட் கன அடிக்கு 99 பவுண்டு அடர்த்தியில் இருக்கிறது, நாம் 90 பவுண்டு என்று கொள்கிறோம். 1,440 கிலோ என்பது அந்த 90 பவுண்டின் மெட்ரிக் உருவம்தான். சிமென்ட் தூள் அள்ளும்போது ஓர் அடர்த்தி, குலுக்கிய பின் வேறோர் அடர்த்தி. ஆகவே 10 சதவீத வேறுபாடு கான்கிரீட்டில் இல்லை. அளந்த பாத்திரத்தில் இருக்கிறது.

நம் ஊர் அளவுப் பெட்டியிலும் இப்படியொரு பழைய தடம் உண்டு. மூட்டைக்கு 1¼ கன அடி என்று கொத்தனார்கள் சொல்வது 112 பவுண்டு மூட்டைக்குச் சரியான கணக்கு. இன்றைய 50 கிலோ மூட்டைக்கு 1.226 கன அடி, அதாவது 34.7 லிட்டர். இந்தியாவில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-இல். புதுச்சேரியோ மீட்டரைப் பெற்றெடுத்த பிரான்சின் ஆட்சியில் 1954 வரை இருந்த ஊர். அங்கும் கொத்தனார் கையில் அடியும் இன்ச்சும், ஜல்லிக்கு 100 கன அடி யூனிட்டும்தான் நிலைத்திருக்கின்றன. இந்த மாற்றங்களில் ஒவ்வொன்றிலும் 2 சதவீதம் அங்கும் இங்கும் போவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஈர மணல் இந்த மரபின் பெரிய பலவீனம். 5 சதவீத ஈரத்தில் மணல் 25 சதவீதம் அல்லது அதற்கு மேலும் உப்பிவிடக்கூடும். இரண்டு பெட்டி மணல் என்று அளந்தால் உண்மையில் உள்ளே போவது 1.6 பெட்டி உலர் மணல். கலவையில் மணல் குறைந்து, ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் கான்கிரீட் தோராயமாக 5 சதவீதம் சுருங்கும். மழைக்காலத்தில் "கணக்கு உதைக்கிறது" என்ற புகாருக்குத் திருட்டை விட இது எளிய விளக்கம். திருட்டும் இருக்கலாம் என்பது வேறு.

ஃபெரேயின் வழி

டெய்லர், தாம்சன் நூலுக்கு முன்பே பிரான்சில் வேறொரு விடை பிறந்திருந்தது. ரெனே ஃபெரே 1890-களில் சாந்துகளின் வலிமையை ஆராயும்போது ஒவ்வொரு பொருளும் உண்மையில் அடைத்துக்கொள்ளும் இடத்தை, அதாவது வெற்றிடம் நீக்கிய கன அளவை, அடிப்படையாக்கினார். எடையைப் பொருளின் அடர்த்தியால் வகுத்துக் கூட்டினால் கான்கிரீட்டின் கன அளவு வந்துவிடும். தளர்வாக அள்ளியதா, குலுக்கியதா என்ற கேள்வி எழுவதில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் கலவை வடிவமைப்பு வழிகாட்டியான ஐ.எஸ். 10262, 1982-இல் வந்தது முதல் 2019 திருத்தம் வரை இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது.

இந்த வழியைக் கொண்டே 1.54-ஐச் சோதித்துப் பார்க்கலாம். சிமென்டின் அடர்த்தி எண் 3.15, ஒரு மூட்டை அடைக்கும் இடம் 15.9 லிட்டர். 1:2:4-இல் மணல் 69.4 லிட்டர், ஜல்லி 138.8 லிட்டர், தண்ணீர் 30 லிட்டர் என்போம். மணல் லிட்டருக்கு 1.5 கிலோவும் ஜல்லி 1.4 கிலோவும் இருந்தால், காற்றுக்கு 1 சதவீதம் சேர்த்து, மூட்டைக்கு 159 லிட்டர் கான்கிரீட் வருகிறது, காரணி 1.53. பாடப்புத்தகம் சரி. மணல் 1.6, ஜல்லி 1.5 கிலோ என்று சற்று நெருங்கிக் கிடந்தால் 167 லிட்டர் வருகிறது, காரணி 1.46. முதல் கணக்கில் கன மீட்டருக்கு 6.3 மூட்டை, இரண்டாவதில் 6.0. நமது ஷெட்டின் 90 கன மீட்டர் தரைக்கு இந்த வேறுபாடு மட்டும் 30 மூட்டைக்கு அருகில். கற்பாறை அதே, ஆலை அதே. லாரியில் வரும் வழியில் எவ்வளவு குலுங்கியது என்பதே காரணியை மாற்றப் போதுமானது.

இன்னும் கூர்மையான முரண் எம்-20 தரக் கான்கிரீட்டில் தெரிகிறது. 1:1½:3 என்று கொண்டு 1.54 வழியில் போனால் கன மீட்டருக்கு 403 கிலோ. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நூலான ஐ.எஸ். 456-இன் 2000 பதிப்பு எம்-20 நிர்ணயக் கலவைக்கு மூட்டைக்கு அதிகபட்சம் 250 கிலோ மணலும் ஜல்லியும், 30 லிட்டர் தண்ணீரும் என்று எடையில் சொல்கிறது. அந்த எல்லையில் நின்று ஃபெரே வழியில் கணக்கிட்டால் 355 கிலோ அளவில் வருகிறது. ஒரே பெயர் கொண்ட கான்கிரீட்டின் இரண்டு கணக்குகளுக்கு இடையே கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை வேறுபாடு. முதல் எண்ணை வைத்து எஸ்டிமேட் போட்டு, இரண்டாவதை வைத்து வேலை செய்தால் அந்த மூட்டை எங்கே போயிற்று என்று கேட்பவர் இருக்கமாட்டார்.

ஃபெரே வழிக்கும் குறை உண்டு. பொருள்களின் அடர்த்தியையும் ஈரத்தையும் சோதித்து அறிந்தவருக்கே அது பயன்படும். வானூர், திருவக்கரைப் பக்கத்துக் குவாரி ஜல்லிக்கு ஒரு மதிப்பைச் சோதனைச்சாலையில் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் வேறு கிரஷரிலிருந்து இறக்கினால் பழைய எண் வெறும் அலங்காரம். இந்த முறை தருவது வலிமைக்கான கலவை. எஸ்டிமேட் போடுவது அதன் முதல் நோக்கம் இல்லை.

கடல் எவ்வளவு தூரம் என்பதும் இங்கே மூட்டை எண்ணிக்கையாக மாறுகிறது. ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலுக்கு வெளிப்பட்டு நிற்கும் வலுவூட்டிய கான்கிரீட்டைக் கடுமையான சூழல் வகையில் வைத்து, குறைந்தது 320 கிலோ சிமென்டும் எம்-30 தரமும் கேட்கிறது. கடலோரப் பகுதியிலேயே உப்புக்காற்று நேரே படாமல் மறைந்து நிற்பதற்கு மிதமான வகை: 300 கிலோ, எம்-25. கடற்கரைச் சாலையில் நிற்கும் கட்டடம் எந்த வகை என்பதில் ஐயமில்லை. சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மேட்டுப்பாளையம் எது? நூல் தூரத்தைச் சொல்லவில்லை. முடிவு பொறியாளர் கையில்.

எம் புக்கின் நேர்மை

இந்தியப் பொதுப்பணிகளில் பணம் போவது எம் புக்கில், அதாவது அளவைப் பதிவேட்டில், எழுதிய அளவுக்கு. அதை எப்படி எழுதுவது என்பதற்கு ஐ.எஸ். 1200 இருக்கிறது, கான்கிரீட்டுக்கு அதன் 2-ஆம் பகுதி. நீள அகலங்களை 0.01 மீட்டருக்கும், தளக் கனத்தை 0.005 மீட்டருக்கும் நெருக்கமாக அளக்க வேண்டும். கம்பி அடைத்த இடத்தைக் கழிக்கக்கூடாது, 0.1 சதுர மீட்டர் வரையிலான திறப்புகளையும் கழிக்கக்கூடாது. பில்லரும் பீமும் ஸ்லாபும் சந்திக்கும் இடம் எதில் சேரும் என்ற பழைய வழக்கைத் தீர்ப்பதும் இதன் வேலை. பிரிட்டனில் அளவையாளர்களின் பொது அளவை முறை நூல் 1922-இல் வந்ததும் ஏறக்குறைய இதே சண்டைகளை நிறுத்தத்தான்.

இது உண்மையின் கணக்கு என்பதை விட உடன்பாட்டின் கணக்கு. கம்பியைக் கழிக்காததால் எம் புக் எப்போதும் சற்றே கூடுதலாகச் சொல்லும். ஒப்பந்தக்காரருக்கும் துறைக்கும் தகராறு வராமல் இருந்தால் போதும் என்ற நோக்கத்துக்கு அது சரி. ஆனால் அதே எண்ணைக் கொண்டு சிமென்ட் வாங்கப் போவது இன்னொரு கேள்விக்கு இந்த விடையைச் சொல்வதாகும்.

கணினி மாதிரியில் கன அளவை எடுப்பது இந்த மரபின் இன்றைய வாரிசு. சந்திப்புகளை ஒழுங்காக இணைக்காமல் விட்டால் மென்பொருளும் பீமையும் ஸ்லாபையும் இரண்டு முறை எண்ணும். ஒழுங்காக இணைத்தால் வரைபடக் கன அளவைப் பிசகின்றித் தரும். மூன்று கேள்விகளில் முதலாவதை அது ஏறக்குறைய முடித்துவைத்துவிட்டது என்று சொல்லலாம். மற்ற இரண்டையும் அது தொடவில்லை.

தரை எவ்வளவு குடிக்கும்

மூன்றாவது கேள்வி, ரெடிமிக்ஸ் லாரி வந்த பிறகுதான் கூர்மையாகக் கேட்கப்பட்டது. கையால் கலந்த காலத்தில் குறைந்தால் இன்னும் இரண்டு மூட்டை அவிழ்ப்பார்கள். லாரி வந்தால், குறைந்த அரை கன மீட்டருக்கு இன்னொரு வண்டி; அதற்குள் போட்ட கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடும். ஐ.எஸ். 4926-இன் 2003 பதிப்பு ரெடிமிக்ஸுக்கான விதிகளைத் தருகிறது. வந்த அளவைச் சரிபார்க்கக் கண்ணை நம்பத் தேவையில்லை. பச்சைக் கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. 6 கன மீட்டர் வண்டியில் 14.4 டன் இருக்க வேண்டும். எடைமேடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தெரியாமல் போவது இறக்கிய பிறகு நடப்பது. ஷெட்டின் தரைக்கே திரும்புவோம். 600 சதுர மீட்டரில் கிராவல் மட்டம் சராசரியாக 10 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் 6 கன மீட்டர் கூடுதலாகப் போகும். சரியாக ஒரு வண்டி. ரோலர் ஓட்டியும் 10 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருப்பது சாதாரணம். கீழே 1:4:8 கான்கிரீட் போட்டு மட்டம் எடுத்திருந்தால் பிழை குறையும். ஆனால் அந்த அடிக்கான்கிரீட்டே மண்ணின் மேல் விழுவதால் பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். வீட்டு ஒட்டிலும் இதே கதைதான்: 1,000 சதுர அடியில் அரை இன்ச் கனம் கூடினால் 42 கன அடி, சுமார் 1.2 கன மீட்டர். சென்ட்ரிங் பலகை நடுவில் தொய்ந்தால் அது தானாகவே நடக்கும்.

இதற்கு எல்லா மரபும் தரும் விடை ஒன்றே: சேதாரம் என்று சதவீதம் கூட்டு. மேல்தளத்துக்கு 2 அல்லது 3, மண்ணைத் தொடும் வேலைக்கு 5 முதல் 10 என்று வழங்கும் எண்கள் அனுபவத்தில் வந்தவை. சதவீதமாகச் சொல்வதில்தான் சிக்கல் இருப்பதாகப் படுகிறது. மட்டப் பிழை தரையின் பரப்பைப் பொறுத்தது, கனத்தைப் பொறுத்ததன்று. 10 மில்லிமீட்டர் பிழை 100 மில்லிமீட்டர் தரையில் 10 சதவீதம். 200 மில்லிமீட்டர் தரையில் 5. பரப்பை மில்லிமீட்டரால் பெருக்கிச் சேதாரத்தைச் சொல்வது இன்னும் நேர்மையான வழி. பம்பின் குழாயில் தங்குவது, கடைசி வண்டியில் மிஞ்சுவது ஆகியவை பரப்பையும் சாராதவை. ஒரே சதவீதத்துக்குள் மூன்று வெவ்வேறு காரணங்கள் கலந்து கிடக்கின்றன.

இன்னும் திறந்திருப்பவை

வரைபடக் கன அளவில் பெரிய சர்ச்சை மிஞ்சவில்லை. பொருள் கணக்கில் எடை வழி கன வழியை விடச் சரியானது என்பதிலும் கருத்து வேறுபாடு குறைவு. நடைமுறையில் பெட்டி இன்னும் வாழ்கிறது, அவ்வளவுதான்.

திறந்திருப்பது வேறு இடத்தில். ஆற்று மணல் அருகி எம்-சாண்ட் வந்துவிட்டது, ஐ.எஸ். 383 நூலின் 2016 பதிப்பில் உடைத்துச் செய்த மணலுக்கும் இடம் இருக்கிறது. அதன் கூரிய மணிகளும் தூளும் ஆற்று மணலைப் போல அடுக்கிக்கொள்வதில்லை, அதைப் போல உப்புவதும் இல்லை. 1.54 ஆற்று மணலோடு பழகிய எண். புதிய மணலுக்கு அதே எண் பொருந்துமா, குவாரிக்குக் குவாரி எவ்வளவு மாறும் என்பதைச் சோதனைச்சாலைக்கு வெளியே, தரை போடும் இடத்திலேயே அளந்துதான் சொல்ல முடியும்.

தரை குடிக்கும் அளவும் அப்படித்தான். எம் புக்கில் வரைபடக் கன அளவு இருக்கிறது. ரெடிமிக்ஸ் சலானில் இறக்கிய கன அளவு இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இந்த மண்ணில், இந்த ரோலரில், இவ்வளவு மில்லிமீட்டர் போயிற்று என்று குறித்துவைக்கும் வழக்கம் சிறு கட்டுமானங்களில் பொதுவாக இல்லை. தொழிற்பேட்டையில் ஒரே மாதிரித் தரைகள் பக்கத்துப் பக்கத்து மனைகளில் விழுகின்றன. பத்துத் தரைகளின் சலான்களும் எம் புக்கும் சேர்ந்தால் அந்த மண்ணுக்கு ஓர் எண் கிடைக்கக்கூடும். பதினோராவது மனையில் நிரப்பு மண் மாறியிருந்தால் அந்த எண் எவ்வளவு தூரம் செல்லும் என்பது அப்போதும் கேள்வியாகவே இருக்கும்.